முழவும் அளவும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் மாமல்லபுரம் வரும். பல்லவர் படைத்த கற்கோயில்களைக் காணவே பலரும் அங்குச் செல்வர். யானோ ஒரு மார்கழி மாலையில், என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவனின் மிருதங்க வாசிப்பைக் கேட்கச் சென்றேன். போட்டி ஒன்றிற்கு அனுப்பும் பொருட்டு, கடலை அடுத்த வீடொன்றில் அதனை ஒலிப்பதிவு செய்தனர்.

நேரிற் கேட்டபோது இனித்த வாசிப்பு, பதிவிற் கேட்டபோது இனிக்கவில்லை. சில அடிகள் இடியென முழங்கின. சில அடிகள் அலையோசையில் அமிழ்ந்தன. மாணவன் கண் கலங்கி, "ஐயா, என் கை பழுதோ?" என்றான். பதிவு செய்த இளைஞர், "தம்பி, பாதிப் பழுது கையில், பாதிப் பழுது ஒலிவாங்கி வைத்த இடத்தில்" என்றார்.

அவர் கூறியது உண்மையே. மிருதங்கத்திற்கு வலந்தலை, தொப்பி என இரு முகங்கள் உண்டு. ஒலிவாங்கி ஒன்றனை வலந்தலைக்கு மிக அருகில் வைத்தால், அம்முகத்தின் ஓசை மிகும். தொப்பியின் ஓசை குன்றும். ஆதலின் அவர் முகத்திற்கு ஒன்றாக இரண்டு ஒலிவாங்கிகளை வைத்து, மீண்டும் வாசிக்கச் செய்தார். பெருங்குறை அவ்வளவில் நீங்கிற்று.

எஞ்சிய ஏற்றத்தாழ்வைக் கணிப்பொறியில் திருத்தலானார். மெலிந்த அடிகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சிறிது உயர்த்தினார். பின்னர்க் கம்பிரசர் என்னும் ஒலியடக்கியை ஏவினார். அதன் இயல்பு எளிது. நாம் ஓர் எல்லை வகுத்தால், அவ்வெல்லையைக் கடக்கும் ஓசையை மட்டும் அது அடக்கும். 4-க்கு 1 என்பது விகிதமாயின், எல்லையை 8 டெசிபல் கடந்த அடி 2 டெசிபல் அளவே கடந்து நிற்கும். விரல் தோலிற் பட்டவுடனே அடக்கத் தொடங்கினால் அடியின் கூர்மை மழுங்கும். சில மில்லிவிநாடி தாழ்த்துத் தொடங்கினால் கூர்மை பிழைக்கும், பின்வரும் முழக்கம் அடங்கும்.

வெற்றி கண்ட இளைஞர் மேலும் மேலும் அடக்கினார். அடங்கியதை மீண்டும் முழுமையாக உயர்த்தினார். அடிகள் யாவும் ஒரே அளவாயின. ஆனால் அவற்றோடு அலையிரைச்சலும் உயர்ந்தது. வாசிப்போ அம்மி கொத்துவது போலாயிற்று. மாணவன், "ஐயா, இது நான் வாசித்ததன்று" என்றான்.

யான் இளைஞரை நோக்கி, "தமிழில் வல்லினம், மெல்லினம், இடையினம் என மூவகை மெய்கள் உள. அனைத்தையும் வல்லினமாக ஒலித்தால் சொல் நிற்குமோ? முழவிற்கும் அஃதே" என்றேன். அவர் நகைத்து, அடக்கியதிற் பாதியைத் தளர்த்தினார். வாசிப்பு உயிர் பெற்றது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தை இளங்கோவடிகள் கூறுகின்றார். குறைந்த இடத்தை நிரப்புதலும் மிகுந்த இடத்தை அடக்குதலும் அவன் தொழில். அவற்றை அளவு கடவாமற் செய்தல் அவன் சிறப்பு. இன்றைய ஒலிப்பதிவாளருக்கும் இலக்கணம் இதுவே அன்றோ!

மாணவன் அன்று மற்றொன்றும் அறிந்தான். ஒலிவாங்கியின் குறை நீங்கிய பின்னும், அவனது இடக்கை அடிகள் சில மெலிந்தே இருந்தன. அவற்றைப் பொறியால் உயர்த்திவிடலாம். மேடையில் உயர்த்துவார் யார்? மறுநாள் விடியலில் அவன் இடக்கைக்கெனத் தனியே சாதகம் தொடங்கினான்.

மாணவர்களே! கருவியால் தீரும் குறையைக் கருவியால் தீர்த்துக்கொள்ளுங்கள். கையால் தீர வேண்டியதைக் கைக்கே விட்டுவிடுங்கள்.

வினாக்கள்
1. முதற் பதிவு இனிக்காமைக்குக் காரணங்கள் யாவை?
2. ஒலியடக்கி செயற்படும் முறையை விளக்குக.
3. மாணவன் இடக்கைக்குத் தனியே சாதகம் செய்தது ஏன்?