இறப்பர்ப் பாலும் பொற்றுணிக்கையும்

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் வளர்ந்த நாம் இறப்பர்ப் பாலை நன்கறிவோம். அதன் நுண்டுணிக்கைகள் மறையேற்றம் பெற்றிருத்தலால் ஒன்றையொன்று தள்ளி நீரிற் பரந்து நிற்கின்றன. போமிக்கமிலம் சேர்ந்ததும் அவ்வேற்றம் குன்றிப் பால் உறைகின்றது. பொன்னின் நனோத் துணிக்கைகளும் இவ்வியல்பினவே.

1857இல் மைக்கல் பரடே செந்நிறப் பொற்கூழை ஆராய்ந்தார். 1951இல் தேர்க்கெவிச்சும் துணைவரும் கொதிக்கும் பொன்னுப்புக் கரைசலிற் சோடியம் சித்திரேற்றைச் சேர்த்து, ஏறத்தாழ 20 நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகளைப் பெற்றனர். சித்திரேற்று பொன்னைத் தாழ்த்துவதோடு, மறையேற்றமளித்துத் திரளாது காக்கவுஞ் செய்கின்றது. அதனளவு குறையின் துணிக்கை பெரிதாகும் என 1973இல் பிரென்ஸ் காட்டினார்.

விலகி நிற்குங்கால் இக்கூழ் சிவப்பு, திரண்டால் நீலம். துணிக்கையின் மேற்பரப்பில் தக்க மூலக்கூறுகளைப் பிணைத்து, இந்நிறமாற்றத்தால் நீரிலுள்ள இரசம் முதலிய நஞ்சுகளை அறியலாம். ஆயின் ஒரு தொகுதி 15 நனோமீற்றரும் மற்றொன்று 40 நனோமீற்றருமாயின், அதே நீருக்கு இருவேறு விடைகள் கிடைத்தல் கூடும். பீலிநீரைப் பருகும் தோட்டக் குடும்பத்திற்கு அப்பிழை சிறிதன்று.

ஆகவே மாணவர் கைக்கொள்ளற்பாலன இவை: ஆசிரியர் முன்னிலையிற் கண்ணாடிக் கலங்களை இராசதிராவகத்தாற் கழுவுதல், வடித்த நீரையே வழங்குதல், சித்திரேற்றை ஒரே முறையில் விரைந்து சேர்த்தல், இடையறாது கலக்குதல், ஒவ்வொரு தொகுதியின் ஒளியுறிஞ்சல் உச்சமும் 520 நனோமீற்றரை அடுத்துள்ளதா என நோக்குதல். தேயிலைச் சாறும் பொன்னைத் தாழ்த்தும்; ஆயினும் கொழுந்தின் பருவத்திற்கேற்பச் சாறு மாறுதலின் ஒருசீர்மை அரிது.

அளவு தவறிய அமிலம் இறப்பர்த் தகட்டைக் கெடுக்கும் எனத் தோட்டம் நமக்கு முன்னரே கற்பித்தது. ஆய்கூடத்திலும் அப்பாடத்தை மறவாதிருப்போமாக.