சிரிக்க வைக்கும் செய்முறை எழுதுவோம்

தேநீர் போடுவது எப்படி என்று 6 பக்கங்கள் எழுத முடியுமா? பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனம் எழுதியது! 1980-ஆம் ஆண்டு அது வெளியிட்ட பி.எஸ். 6008 என்னும் ஆவணத்தைப் பாருங்கள். 100 மில்லிலிட்டர் நீருக்குத் தேயிலை 2 கிராம். பாத்திரம் பீங்கானாலோ மெருகிட்ட மண்ணாலோ ஆனதாக இருக்க வேண்டும். நீர் அப்போதுதான் கொதித்ததாக இருக்க வேண்டும். மூடி வைத்து 6 நிமிடம் காத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் டீ ஆற்றும் மாஸ்டர் இதைப் படித்தால் என்ன சொல்வார்!

1999-ஆம் ஆண்டு இந்த ஆவணத்திற்கு ‘இக் நோபல்’ இலக்கியப் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் பணிகளுக்காக 1991-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பரிசு அது.

ஆனால் எழுதியவர்கள் யாரையும் சிரிக்க வைப்பதற்காக இதை எழுதவில்லை. நல்ல தேநீர் போடக் கற்றுத் தருவதும் அவர்கள் நோக்கமன்று. தேயிலையைச் சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? இரண்டு தோட்டத் தேயிலைகளை அவர்கள் ஒப்பிட வேண்டுமானால், நீர், பாத்திரம், நேரம் ஆகிய எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தேயிலை மட்டுமே வேறுபட வேண்டும். இல்லாவிட்டால் ருசி மாறியது தேயிலையாலா, பாத்திரத்தாலா என்று எப்படித் தெரியும்? பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனைக்கும் இதே விதிதான்.

நமக்குச் சிரிப்பு ஏன் வருகிறது? தினமும் யோசிக்காமல் செய்யும் ஒரு வேலையை, ராக்கெட் விடுவதற்கான அக்கறையுடன் ஒருவர் விளக்குகிறார். அதனால்தான். கவனியுங்கள், அந்த 6 பக்கங்களில் பொய் ஒன்றுகூட இல்லை. வேடிக்கையான செய்முறை எழுத விரும்பும் பலர், கோணங்கித்தனமாக எதையாவது சேர்த்தால்தான் சிரிப்பு வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. உண்மையை மிகத் துல்லியமாகச் சொன்னாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

நாமும் ஒன்று எழுதிப் பார்ப்போமா? தலைப்பு: தேநீரில் பிஸ்கட் நனைப்பது எப்படி?

எழுதும் முன் விஷயம் தெரிய வேண்டும். நல்லவேளையாக, இதை ஓர் இயற்பியலாளர் ஆராய்ந்திருக்கிறார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லென் ஃபிஷர் என்பவர்தான் அவர். அதே 1999-இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு.

பிஸ்கட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்புழை ஏற்றத்தால் தேநீர் அவற்றினுள் புகுகிறது. பிஸ்கட்டின் மாவுத் துகள்களைப் பசைபோல ஒட்டி வைத்திருப்பதில் சர்க்கரைக்குப் பெரும்பங்கு உண்டு. சூடான தேநீரில் சர்க்கரை கரைகிறது, மாவு ஊறி மிருதுவாகிறது. தன் எடையைத் தானே தாங்க முடியாத நிலை வந்ததும், பொத்தென்று கோப்பைக்குள் விழுந்துவிடுகிறது!

எவ்வளவு நேரம் தாங்கும்? 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நுண்துளைகளில் திரவம் ஊடுருவுவதற்கு ஒரு சமன்பாடு தந்தார். திரவத்தின் பரப்பு இழுவிசை, பாகுநிலை, துளையின் ஆரம் எல்லாம் அதில் வருகின்றன. நமக்கு வேண்டியது ஒன்றே: ஊடுருவும் தொலைவின் வர்க்கம் நேரத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது இருமடங்கு தொலைவு ஊற நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

இப்போது பிஸ்கட்டைச் செங்குத்தாக முக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கங்களிலிருந்தும் தேநீர் ஊறும். ஒவ்வொரு பக்கத்துத் தேநீரும் பாதித் தடிமனைக் கடந்தாலே போதும், உள்ளே உலர்ந்த பகுதி மிஞ்சாது. மாறாக, கிடையாகப் பிடித்து அடிப்பக்கத்தை மட்டும் நனைத்தால், தேநீர் முழுத் தடிமனையும் கடந்தாக வேண்டும். தொலைவு இருமடங்கு. ஆகவே நேரம் நான்கு மடங்கு! அதுவரை உலர்ந்த மேற்பக்கம் பிஸ்கட்டைத் தாங்கி நிற்கும். ஃபிஷர் சொன்ன வழியும் இதுதான்.

விஷயம் கையில் வந்துவிட்டது. இதை உங்கள் செய்முறைப் பதிவேட்டில் ஆசிரியர் எழுதச் சொல்லும் அதே நடையில் எழுதுவோம்.

நோக்கம்: பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, வாய்வரை முழுதாகக் கொண்டு சேர்த்தல்.

தேவையான பொருள்கள்: அகன்ற கோப்பையில் தேநீர். ஒரே பொட்டலத்துப் பிஸ்கட் 6 (சோதனைக்கு 4, சோதனையாளருக்கு 2). விநாடி முள் உள்ள கடிகாரம். கரண்டி 1 (மீட்புப் பணிக்கு).

செய்முறை:
1. தேநீர் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருக்கவும். கொதிக்கும் தேநீர் பட்டால் தோல் வெந்துவிடும்.
2. பிஸ்கட்டின் ஓரத்தைப் பிடித்து, குளத்தில் படகு இறக்குவதுபோலக் கிடையாக இறக்கவும். மேற்பக்கம் நனையக்கூடாது.
3. விநாடிகளை எண்ணவும். இந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டாம். உலகில் மூழ்கிய பிஸ்கட்டுகளில் பெரும்பாலானவை உரையாடலின்போதே மூழ்கின.
4. வெளியே எடுத்தவுடன், உலர்ந்த பக்கம் கீழே வருமாறு திருப்பவும். ஈரப் பக்கத்தை அது தாங்கிக்கொள்ளும்.
5. உண்ணவும். பிஸ்கட் விழுந்துவிட்டால் கரண்டியால் எடுத்து, விழுந்த விநாடியைக் குறித்துக்கொள்ளவும். பின்னர் துக்கம் அனுசரிக்கலாம்.

இதைச் சற்று ஆராய்வோம். ‘மீட்புப் பணி’, ‘துக்கம்’ என்ற பெரிய சொற்கள் சிறிய பொருளின்மேல் ஏறி உட்கார்ந்ததால் சிரிப்பு வருகிறது. மூன்றாம் படியில் இருப்பது பச்சைப் புளுகு. மூழ்கிய பிஸ்கட்டுகளுக்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை! ஆனால் அதை நம்பி ஒருவர் நடந்தால் என்ன ஆகும்? சற்று நேரம் வாய்மூடி இருப்பார். எந்தக் கேடும் இல்லை. முதல் படியில் மட்டும் நகைச்சுவை ஒரு துளியும் இல்லை. அங்கே கை வெந்துவிடும். வேண்டுமென்றேதான் அதை வறட்சியாக எழுதியிருக்கிறோம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 1957 ஏப்ரல் 1 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாக ஒரு படம் காட்டியது. ஸ்பகெட்டி என்பது கோதுமை மாவில் செய்யும் ஒருவகைச் சேமியா. அதை மெய்யென்று நம்பிய பலர், அந்த மரத்தை வளர்ப்பது எப்படி என்று கேட்டார்கள். ஒரு குச்சி ஸ்பகெட்டியைத் தக்காளிச் சாறு டப்பாவில் நட்டுவிட்டு நம்பிக்கையோடு இருங்கள் என்று பதில் சொன்னார்களாம்! அதைச் செய்து பார்த்தவருக்கு நட்டம் ஒரு டப்பாச் சாறு மட்டுமே.

2014-இல் வேறொரு விளையாட்டு நடந்தது. ஐபோனை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் மின்னேற்றம் ஆகிவிடும் என்று, அசல் விளம்பரம் போலவே ஒன்றைத் தயாரித்து இணையத்தில் பரப்பினார்கள். அந்த அடுப்பில் உலோகப் பாகங்கள் பொறி பறக்கும். மின்கலம் சூடேறித் தீப்பிடிக்கலாம். எழுதியவர்கள் எங்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள்; நம்பியவர் வீட்டில்தான் தீ. என்னைக் கேட்டால், இதை நகைச்சுவை என்றே சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் கேளுங்கள். 2024 மே மாதம், பீட்சாவிலிருந்து பாலாடைக்கட்டி வழுக்கி விழாமலிருக்க என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, கூகுளின் செயற்கை நுண்ணறிவு, அதில் கொஞ்சம் பசை சேர்க்கச் சொன்னது. காகிதம் ஒட்டும் பசையைத்தான்! சுமார் 11 ஆண்டுகளுக்கு முன் யாரோ கேலியாக எழுதியிருந்த வரியை அது மெய்யென்று எடுத்துக்கொண்டது. எழுதியவரின் கண்சிமிட்டல் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. உங்கள் எழுத்தையும் சிறுவர்கள் படிப்பார்கள், அவசரத்தில் இருப்பவர்கள் படிப்பார்கள், இயந்திரங்களும் படிக்கும். ஆகவே நெருப்பு, மின்சாரம், மருந்து, அமிலம், வாயில் போடும் பொருள் ஆகியவை வரும் வரியில் புளுகு வேண்டாம். கேலியை அடுத்த வரிக்குத் தள்ளி வையுங்கள்.

எழுதத் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. புட்டியில் ஒட்டிக்கொண்ட தக்காளி சாஸை வெளியே கொண்டுவருவது எப்படி? (சும்மா கவிழ்த்தால் அசையாத சாஸ், குலுக்கினால் இளகிவிடுகிறது. ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.) மழைக்காலத்தில் கொடித் துணி உலர்த்துவது எப்படி? நாய்க்குட்டியைக் குளிப்பாட்டிவிட்டுத் தான் நனையாமல் தப்புவது எப்படி?

எழுதி முடித்ததும் தம்பியிடமோ தங்கையிடமோ தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் உட்காருங்கள். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. எந்த வரியில் சிரிக்கிறார்கள், எந்த வரியில் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். தயங்கிய வரிகளைத் திருப்பி எழுதுங்கள். பிஸ்கட் தீர்ந்துவிட்டால் ரஸ்க்கிலும் செய்யலாம். ஆனால் அதன் துளைகள் வேறு, தடிமன் வேறு. விநாடிக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.