இரண்டு நாள் சென்னை, ஒரு சக்கர நாற்காலி

கேள்வி: சாத்தூரைச் சேர்ந்த வாசகி ஒருவரின் கணவர், கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்து, சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருந்துவருகிறார். பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளுடன் ஒரு சனி, ஞாயிறில் சென்னை சென்று மெரினாவில் கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். உறவினர்களோ மதுரையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். சென்னைப் பயணம் இயலுமா, இயலுமெனில் எவ்வாறு திட்டமிடுவது என்று வாசகி கேட்டிருக்கிறார்.

பதில்: இயலும், ஆனால் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து திட்டத்தைத் தொடங்கினால் இயலாமல் போகக்கூடும். சக்கர நாற்காலி செல்லத்தக்க இடங்கள் சென்னையில் இன்று பல உள்ளன. சிக்கல் பெரும்பாலும் அந்த இடங்களுக்குள் இருப்பதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இணைப்புகளில் இருக்கிறது. நடைமேடைக்கும் ரயில் பெட்டிக்கும் இடையிலுள்ள உயரம், விடுதி அறைக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள கதவு, மெட்ரோ வாசலுக்கும் கடற்கரைக்கும் இடையிலுள்ள சாலை ஆகியவற்றுள் ஒன்று தவறினாலும், திரி அறுந்த சரவெடியைப் போல, அதற்கு அப்பாலுள்ள ஏற்பாடுகள் எல்லாம் பயனற்றுப் போகும்.

உறவினர்கள் சொல்லும் மதுரையை மாற்றிடமாகக் கொள்ளாமல் ஒத்திகையாகக் கொள்வது நல்லது. நான்குவழிச் சாலையில் காரில் காலையில் சென்று மாலையில் திரும்பக்கூடிய தொலைவில் இருப்பதால், கணவரால் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, நாற்காலியை மடித்துக் காரில் ஏற்றி இறக்க யார் யார் தேவை, வெளியிடத்தில் கழிப்பறைத் தேவையை எப்படிச் சமாளிப்பது ஆகிய மூன்றையும் அங்கே பெரிய செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இதற்கு உகந்தது. தரைத்தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவும், மேல்தளங்களுக்கு மின்தூக்கியும், பிள்ளைகளை ஈர்க்கும் சிறுவர் பகுதியும் அங்கு உண்டு.

ரயிலைப் பொறுத்தவரை, ஓர் எளிய கணக்கைப் புரிந்துகொண்டால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம். இந்திய ரயில்வேயின் உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரத்தில் அமைகிறது. பெட்டியின் தரையோ ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள அரை மீட்டரைப் படிகளால்தான் கடக்க வேண்டும் என்பதாலும், வழக்கமான படுக்கைப் பெட்டியின் உள்நடை சக்கர நாற்காலி நுழைய முடியாத அளவு குறுகியது என்பதாலும், இரவு விரைவு ரயிலில் கணவரை இருவர் தூக்கிச்சென்று படுக்கையில் அமர்த்த வேண்டியிருக்கும். பெட்டியின் கழிப்பறையையும் அவரால் பயன்படுத்த இயலாது. சாத்தூரில் ரயில்கள் சிறிது நேரமே நிற்பதால், அந்த அவசரத்தில் ஆளையும் நாற்காலியையும் பிள்ளைகளையும் ஏற்றுவதைவிட விருதுநகர் சந்திப்பிலோ மதுரையிலோ ஏறுவது பாதுகாப்பானது.

இதற்கு மாற்றாக, 2023 செப்டம்பர் 24 முதல் திருநெல்வேலிக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே ஓடும் வந்தே பாரத் ரயில் விருதுநகரில் நிற்கிறது. அதன் முனைப் பெட்டிகளில் சக்கர நாற்காலியை நிறுத்த இடமும், நாற்காலியோடு நுழையத்தக்க கழிப்பறையும் அமைந்துள்ளன. ஏறுவதற்கு மடக்குச் சாய்தளம் (படிக்குப் பதிலாகச் சரிவாக இடப்படும் பலகை) வேண்டும் என்பதால், அது ஏறும் நிலையத்தில் கிடைக்குமா என்பதை 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலும், நிலைய மேலாளரை நேரில் கண்டும் முன்னதாகவே உறுதிசெய்துகொள்ள வேண்டும். காலையில் ஏறினால் பிற்பகலில் சென்னை. மறுநாள் பிற்பகலில் புறப்பட்டால் இரவில் விருதுநகர். சென்னையில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு முழுநாள்தான் என்றாலும், யாரும் தூக்காமல், பிள்ளைகள் கண்முன் தம் நாற்காலியிலேயே ஒருவர் பயணம் செய்வதற்கு உள்ள மதிப்பை அந்த நேர இழப்போடு ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இதில் ஒரு மருத்துவ நிபந்தனை உண்டு. வாசகியின் கணவரைப் போலத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு உணர்விழந்தவருக்குப் பிட்டத்திலும் வால் எலும்பிலும் வலி தெரிவதில்லை; வலி தெரியாததால் உடல் தானாக அசைந்து இடம் மாறுவதுமில்லை. ஒரே இடத்தில் எடை தொடர்ந்து அழுத்தும்போது இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோலும் தசையும் அழுகுவதே அழுத்தப் புண் எனப்படுகிறது. ஆறேழு மணி நேர நாற்காலிப் பயணத்தில், அரைமணிக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ முன்னும் பக்கவாட்டிலும் சாய்ந்தோ எடையை மாற்றுவது அவருக்கு வழக்கமாயிருந்தால் வந்தே பாரத்தே சிறந்தது. முன்பு ஒருமுறையேனும் புண் வந்து ஆறியவர் எனில், தூக்கிச்செல்லப்படும் சங்கடத்தைப் பொறுத்துக்கொண்டு, படுத்தபடியே செல்லும் இரவு ரயிலைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. அப்போது மூன்றடுக்கு ஏசியைவிட இரண்டடுக்கு ஏசியின் கீழ்ப் படுக்கை மேலானது. அதில் திரைச்சீலை உண்டு என்பதால், குழாய் (கதீட்டர்) செலுத்திச் சிறுநீர் வெளியேற்றும் வேலையைப் படுக்கையிலேயே மறைவாகச் செய்துகொள்ளலாம். வழக்கமான விரைவு ரயில்களில், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத மாற்றுத்திறனாளிக்கும் உடன்செல்லும் துணையாளர் ஒருவருக்கும் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 விழுக்காடும், இரண்டடுக்கு ஏசியில் 50 விழுக்காடும் கட்டணச் சலுகை உண்டு. இணையவழிப் பதிவில் இச்சலுகையைப் பெற ரயில்வே வழங்கும் தனி அடையாள அட்டை தேவைப்படுவதால், மதுரைக் கோட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வேலையைச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

விடுதி விஷயத்தில் “எங்களிடம் வீல்சேர் வசதி உண்டு” என்ற தொலைபேசி உறுதியை நம்புவதற்கில்லை. பல இடங்களில் அச்சொல் வாசலில் உள்ள சாய்தளத்தை மட்டுமே குறிக்கிறது. மடக்கு நாற்காலிகள் பொதுவாக 60 முதல் 66 சென்டிமீட்டர் அகலமுடையவை. குளியலறைக் கதவைத் திறந்து, நிலைக்கும் கதவின் விளிம்புக்கும் இடையே இஞ்சு டேப்பை நீட்டிப்பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு காணொலி அனுப்பும்படி கேட்டால், அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அதே காணொலியில் குளியலறை வாசலின் தடுப்பு உயரத்தையும் கட்டிலின் உயரத்தையும் காட்டச் சொல்லலாம். சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட அளவு 1:12, அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்தை ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஒரே ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவைத்துவிட்டு அதைச் சாய்தளம் என்பது விபத்துக்கு வழி. குளிக்கும் வெந்நீரை மனைவியோ கணவரோ முழங்கையால் தொட்டுப்பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். பழக்கமில்லாத வெந்நீர்க் குழாயில் உணர்வற்ற கால்கள் வெந்துபோவது விடுதிகளில் நேரக்கூடிய விபத்து.

எழும்பூரில் மறுசீரமைப்புப் பணிகள் நடந்துவருவதால், ரயில் எந்த நிலையத்தோடு நிற்கிறது என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். எழும்பூர் மெட்ரோவில் மின்தூக்கியில் இறங்கி, நடைமேடையும் பெட்டியும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் நாற்காலியோடு நேராக ஏறி, சென்ட்ரலில் வழித்தடம் மாறினால் அரசினர் தோட்டம் வரை செல்லலாம். அங்கிருந்து கடற்கரைக்கு உள்ள சில கிலோமீட்டர்தான் மேலே சொன்ன இணைப்புச் சிக்கல். மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பயனாக, நிறுத்தத்தில் ஒருபக்கம் தாழ்ந்து நிற்கும் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்ட் முதல் சென்னைக்கு வந்துள்ளன. எனினும் எல்லா வழித்தடத்திலும் அவை ஓடுவதில்லை. வாடகைக் காரை அழைத்தால், பின்பெட்டியில் எரிவாயு உருளை இல்லாத வண்டியா என்பதை முதலில் கேட்க வேண்டும். உருளை இருந்தால் மடித்த நாற்காலிக்கு இடமிராது, ஓட்டுநரும் பயணியும் சாலையோரத்தில் வாதிட நேரும்.

மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, ஆண்டுக்குச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டு எடுக்கப்பட்டு வந்தது. மற்ற நாளில் சக்கர நாற்காலியர் சாலையோரத்திலிருந்தே கடலைப் பார்த்தனர். இப்பாதை அனைவருக்கும் திறந்திருப்பதால் ஞாயிறு மாலையில் கூட்டம் நெருக்கியடிக்கும். அப்போது நாற்காலியில் இருப்பவருக்குக் கடல் தெரியாது, முதுகுகள்தாம் தெரியும். ஆகவே ஞாயிறு விடியலில், வெயில் ஏறுமுன் செல்வதே சரி. பலகைமேல் மணல் படிந்த இடங்களில் சிறிய முன்சக்கரம் சிக்கும்போது, தள்ளுபவர் நாற்காலியைச் சற்றே பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் நகர்த்த வேண்டும். மூத்த பிள்ளைக்கு இதை வீட்டிலேயே பழக்கிவிடலாம். மீதி நேரத்தைப் பேரங்காடி ஒன்றில் கழிக்கப் பிள்ளைகள் விரும்பினால் அதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. குளிர்ந்த காற்றும், சமதளமும், நாற்காலி நுழையும் கழிப்பறையும் ஒரே இடத்தில் கிடைப்பது இன்று பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: வாசகி பணிபுரியும் பட்டாசு ஆலையில் தீபாவளிக்குப் பிறகே நீண்ட விடுமுறை கிடைக்கிறது. அப்போது செல்லலாமா?

பதில்: தவிர்ப்பது நல்லது. சிவகாசி வட்டாரத்துக்கு ஓய்வு கிடைக்கும் அந்த வாரங்கள்தாம் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மரப்பாதை திறக்கப்பட்ட இரண்டே வாரத்தில், 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. தை பிறந்த பிறகு, காணும் பொங்கல் கூட்டம் வடிந்ததும், பிப்ரவரி இறுதிக்குள் ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் விடுப்புக் கேட்பது மேல். வெயில் காலம் எவ்வகையிலும் பொருந்தாது.

கேள்வி: அரசு வழங்கிய மின்கல நாற்காலியைக் கொண்டுசெல்லலாமா?

பதில்: அதன் எடை காரணமாக, காரிலோ ரயிலிலோ ஏற்றுவது இருவரால்கூட எளிதாகாது, மடக்கு நாற்காலியே பயணத்துக்கு உரியது. அதன் இருக்கை மெத்தை நைந்திருந்தால் புறப்படுமுன் மாற்ற வேண்டும். இதற்கு ஆலோசனை தேவைப்பட்டால், தண்டுவடப் பாதிப்புற்ற எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் சாத்தூரிலிருந்து சென்றுவரக்கூடிய தொலைவில்தான் உள்ளது. கைநாற்காலியின் முன்னால் மாட்டினால் அதையே மோட்டார் வண்டியாக்கும் கருவிகள், எளிதில் இடம்மாற உதவும் பலகைகள் போன்றவற்றை வாங்குமுன் பார்த்துப் பழக விரும்பினால், சென்னைக் காமராசர் சாலையில், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலக வளாகத்தில் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ என்ற காட்சியகம் இருக்கிறது. மெரினாவுக்கு எதிரிலேயே இருந்தாலும் அது அரசு அலுவலக வளாகம் என்பதால், சனி, ஞாயிறில் திறந்திருக்குமா என்பதை ரயில் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.