ஷாக் அடித்தவருக்கு முதல் பத்து நிமிடம்

எந்த பிராஞ்ச் படிச்சாலும் முதல் வருஷத்துல ஒரு தடவையாவது நம்ம எலக்ட்ரிக்கல் லேபுக்குள்ள போயிருப்பீங்க. நுழைஞ்சதும் இடது பக்கச் சுவர்ல ஃபிரேம் போட்ட ஒரு பழைய சார்ட் இருக்கும், மின் அதிர்ச்சிக்கு முதலுதவின்னு. ஒருத்தர் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருத்தர் மண்டியிட்டு அவர் முதுகை அழுத்திட்டு இருப்பார். அது ஷேஃபர் முறை. 20-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனா இன்றைய முதலுதவி வழிகாட்டுதல்கள்ல அந்த முறை கிடையாது. லேப்ல யாராவது விழுந்தா நாம அந்தப் படத்தைப் பார்த்து செய்யக் கூடாது.

எங்க அக்கா நர்ஸ். மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்கை அவங்க சுருக்கமா 'மெட்-சர்ஜ்'னு சொல்வாங்க. அந்தப் புத்தகம் தலையணை கனத்துல எங்க வீட்டு ஷெல்ஃப்ல இருக்கு. (அதுல 'ஷாக்'னு தேடினா கரண்ட் வராது. ரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போகாம இருக்கிற நிலையைத்தான் அவங்க ஷாக்னு சொல்றாங்க. நமக்கு வேண்டியது மின் காயம்கிற பகுதி.) அதைப் படிச்சு, அக்காகிட்ட கேட்டு, நமக்குத் தெரிஞ்ச எலக்ட்ரிக்கலோட சேர்த்து இங்க எழுதுறேன்.

முதல்ல கரண்ட் உடம்புக்குள்ள என்ன செய்யுதுன்னு பார்ப்போம். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யில சுமார் 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே கைத் தசை இறுகிடும், பிடிச்ச வயரை விட முடியாது. அதுக்கு மேல போனா மூச்சு விட உதவுற தசைகளும் இறுகும். 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு நெஞ்சு வழியா ஓரிரு வினாடி போனாலே 'வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்' வரலாம். வீட்டு மெயின் போர்டுல இருக்கிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகிற மாதிரி வெச்சிருக்கிறதுக்குக் காரணமே இதுதான். ஃபிப்ரிலேஷன்னா என்ன? ஒரே தாளத்துல அடிக்க வேண்டிய பறைக் குழுவுல ஆளாளுக்கு ஒரு அடி அடிச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான். இதயத் தசை நடுங்கிட்டே இருக்கும், ஆனா ரத்தத்தைத் தள்ளாது. மூளை நாலு முதல் ஆறு நிமிஷம் வரைக்கும் தாங்கும், அதுக்கப்புறம் சேதம் ஆரம்பிக்கும். உதவி இல்லாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையுதுன்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. ஆம்புலன்ஸ் நம்ம கேட்டுக்குள்ள வர எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இந்த இடத்துல ஒரு கதை சொல்லியே ஆகணும், ஏன்னா இது நம்ம ஆட்களோட கதை. நெஞ்சை அழுத்தி உயிரைக் காப்பாத்துற முறையைக் கண்டுபிடிச்ச குழுவோட தலைவர் டாக்டர் இல்லை, ட்ரிபிள் ஈ புரொஃபசர்! அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கூவன்ஹோவன். லைன்மேன்கள் ஷாக் அடிச்சு செத்துட்டு இருந்ததால மின்சார நிறுவனங்களே இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தாங்க. நெஞ்சைத் திறக்காமலே ஷாக் கொடுத்து இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டு வர்ற மெஷினை நாய்கள்கிட்ட சோதிச்சுட்டு இருந்தாங்க. 1958-ல நிக்கர்பாக்கர்னு ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் ஒண்ணு கவனிச்சார். கனமான அந்த எலக்ட்ரோடை நாயோட நெஞ்சுல வெச்சு அழுத்தும்போது, கரண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கால் ரத்தக் குழாய்ல அழுத்தம் கொஞ்சம் ஏறுது! அழுத்தினாலே ரத்தம் ஓடுதே? ஜூட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து, மூணு பேரும் 1960-ல கட்டுரை வெளியிட்டாங்க. எந்தக் கருவியும் வேண்டாம், ரெண்டு கை போதும்னு அதுல எழுதினாங்க. கிராஃப்ல வந்த ஒரு சின்ன மேட்டை நாய்ஸ்னு தள்ளாம விட்டதால வந்தது இது. நம்ம லேப் ரெக்கார்டுல நாம எத்தனை மேட்டை அழிரப்பரால அழிச்சிருப்போம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒருத்தர் ஷாக் அடிச்சு விழுந்துட்டார். ஓடிப் போய் தொடாதீங்க, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. ஸ்விட்ச் எங்கன்னு தெரியலைன்னா, நீங்க காய்ஞ்ச இடத்துல நின்னு காய்ஞ்ச கட்டையாலயோ பிளாஸ்டிக் நாற்காலியாலயோ வயரைத் தள்ளலாம். இது வீட்டு லைனுக்கு மட்டும்தான். ஹெச்.டி. லைன் அறுந்து கிடந்தா கட்டையும் உதவாது, தள்ளி நின்னு ஈ.பி.க்கு போன் பண்ணி சப்ளையை நிறுத்தணும். சப்ளை போனதுக்கு அப்புறமும் "அவர் உடம்புல கரண்ட் இருக்கும், தொடாதே"ன்னு யாராவது கத்துவாங்க. இருக்காது. மனுஷன் கெப்பாசிட்டர் பேங்க் இல்லை. (லேப்ல இருக்கிற நிஜ கெப்பாசிட்டர்ல இருக்கும், அதுல ஜாக்கிரதை.)

தோளைத் தட்டி சத்தமா கூப்பிடுங்க. பதில் இல்லையா? ஒருத்தரை 108-க்குக் கூப்பிடச் சொல்லுங்க. "யாராவது கூப்பிடுங்கப்பா"ன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க, ஒருத்தரைக் கை காட்டிச் சொல்லணும். அப்புறம் பத்து வினாடிக்குள்ள மூச்சைப் பாருங்க. நிறைய பேர் ஏமாந்து போறது இங்கதான். இதயம் நின்ன உடனே சிலருக்கு கை கால் கொஞ்சம் உதறும். உடனே நம்மூர்ல "வலிப்பு"ன்னு சொல்லி கையில சாவிக் கொத்தைத் திணிப்பாங்க. சாவி வலிப்புக்கே உதவாது, இதுல பொன்னான ரெண்டு நிமிஷம்தான் போகும். இன்னொண்ணு, சிலர் மீன் வாயைத் திறக்கிற மாதிரி விட்டு விட்டு ஒரு மூச்சு இழுப்பாங்க, குறட்டை மாதிரி சத்தம் வரும். "மூச்சு இருக்குப்பா"ன்னு விட்டுடாதீங்க. அது மூச்சு இல்லை. கூப்பிட்டா பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லைன்னா இதயம் நின்னுடுச்சுன்னே எடுத்துக்கணும். நாடி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது பயிற்சி எடுத்தவங்களுக்கே சில சமயம் தப்பும்.

மல்லாக்கப் படுக்க வைங்க, தரையில. ஹாஸ்டல் கட்டில்ல வெச்சு அழுத்தினா மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. நடு நெஞ்சு எலும்போட கீழ்ப் பாதியில ஒரு உள்ளங்கையோட அடிப்பகுதியை வைங்க, அது மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காம, உங்க உடம்போட எடையைச் செங்குத்தா இறக்குங்க. அஞ்சு முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கு அப்புறமும் நெஞ்சு முழுசா மேல வர விடணும், அப்பதான் இதயத்துல மறுபடி ரத்தம் நிரம்பும். அவசரத்துல எல்லாரும் விடுறது இதைத்தான். விலா எலும்பு உடையலாம். உடைஞ்சாலும் நிறுத்தாதீங்க, எலும்பு கூடிடும்.

ரெண்டு நிமிஷத்துல உங்க கை தளர்ந்துடும். உங்களுக்கே தெரியாம ஆழம் குறையும், அதனால ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்துங்க. இவ்வளவு செஞ்சாலும் சாதாரண ரத்த ஓட்டத்துல கால் பங்கு, அதிகம் போனா மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தக் கால் பங்குதான் மூளையைக் காப்பாத்தி வெச்சிருக்கும். வாயோட வாய் வெச்சு ஊதணுமா? பயிற்சி எடுத்தவங்க 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம், ஷாக் கேஸ்ல மூச்சுத் தசையும் நின்னிருக்க வாய்ப்பு இருக்கிறதால அது நல்லதும் கூட. தெரியாதவங்க அழுத்தினா மட்டும் போதும். பக்கத்துல ஏ.இ.டி. மெஷின் இருந்தா யாரையாவது ஓடிப் போய் எடுத்து வரச் சொல்லுங்க. ஆன் பண்ணினா அதுவே பேசி வழி சொல்லும், தேவை இல்லைன்னா அது ஷாக் கொடுக்காது.

இடி தாக்கினா ஒரு வித்தியாசம் இருக்கு. நாலு பேர் விழுந்து கிடந்தா, முனகுறவங்களை விட்டுட்டு அசைவே இல்லாதவரைத்தான் முதல்ல பார்க்கணும். பொதுவா நர்சுங்க விபத்துல செய்றதுக்கு இது நேர் எதிர். இடியில முனகுறவங்க பெரும்பாலும் தப்பிச்சுடுவாங்க. அசையாதவருக்கு இதயம் தானா மறுபடி துடிக்க ஆரம்பிச்சாலும் மூச்சு திரும்ப நேரம் ஆகும், அந்த இடைவெளியில மூச்சு கொடுத்தா பிழைக்கலாம்.

இப்ப இன்னொரு வகை கேஸ். ஷாக் அடிச்சது, தூக்கி எறிஞ்சது, ஆனா எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல மச்சி"ன்னு சொல்றான். கையில ஒரு சின்ன கருகல், அவ்வளவுதான். நாமளும் டீ வாங்கிக் கொடுத்து ரூமுக்கு அனுப்பிடுவோம். எனக்கு அந்தப் புத்தகத்துலயே பயமா இருந்த பக்கம் இதுதான். மின் காயத்துல தோல்ல தெரியற புண் சின்னதா இருக்கும், உள்ளே தசை வெந்திருக்கும். குறிப்பா ஹை வோல்டேஜ்ல. செத்த தசையிலிருந்து மயோகுளோபின் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்துல வரும். அதனாலதான் நர்சுங்க மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுறாங்க; சலைன் ஏத்தி மணிக்கு 75 முதல் 100 மில்லி வரைக்கும் வர வைப்பாங்க. தசையிலிருந்து பொட்டாசியமும் கசியும், அது இதயத் துடிப்பையே குழப்பும். அதனால ஈ.சி.ஜி. மானிட்டர்ல இருந்து கண்ணை எடுக்க மாட்டாங்க. கை வீங்கி, விரலை லேசா நீட்டினாலே உயிர் போற மாதிரி வலிச்சா உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுதுன்னு அர்த்தம். சில மணி நேரத்துல தோலைக் கீறி விடலைன்னா கையையே எடுக்க வேண்டி வரலாம். வீட்டு சப்ளைல லேசா சுர்ருன்னு இழுத்ததுக்கு இவ்வளவும் வராது. ஆனா மயக்கம் வந்திருந்தா, நெஞ்சு படபடப்பு இருந்தா, தீக்காயம் இருந்தா, ஹை வோல்டேஜ்னா, கீழே விழுந்திருந்தா, கண்டிப்பா ஒரு ஈ.சி.ஜி. எடுத்தே ஆகணும். மேலிருந்து விழுந்தவரோட கழுத்தை ஆட்டாதீங்க.

கேஷுவால்டியில நர்ஸ் கேட்கிறது இதுதான்: எத்தனை வோல்ட், ஏ.சி.யா டி.சி.யா, எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தது, எந்தக் கையில உள்ளே போய் எங்க வெளியே வந்தது, மயங்கினாரா, எத்தனை மணிக்கு, சி.பி.ஆர். யார் எப்ப ஆரம்பிச்சாங்க, டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டார். கூட வந்தவங்க பாதிப் பேருக்கு முதல் கேள்விக்கே பதில் தெரியாதுன்னு அக்கா சொன்னாங்க. 415-ஆ 230-ஆன்னு நமக்குத் தெரியும். போறப்பவே போன்ல டைப் பண்ணி வெச்சுக்கோங்க.