பார்க்கின்சன் நோயா? பெரியவரை நடக்க விடுங்க!

உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் இருக்கிறதா? "விழுந்துடுவீங்க, பேசாம உட்காருங்க" என்று அக்கறையோடுதான் சொல்கிறோம். ஆனால் உட்கார உட்கார உடல் இன்னும் இறுகும், நடை தளரும்.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது. அசைவு மெதுவாகும், கைகால் விறைக்கும். உடற்பயிற்சி செய்தால் மூளைச் செல்களைக் காக்கும் புரதம் கூடுவதாக விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இன்னும் மருந்து தொடங்காத ஆரம்பநிலை நோயாளிகள் 128 பேர் பங்கேற்றனர். டிரெட்மில்லில் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு 6 மாதத்தில் அசைவுக் கோளாறு அநேகமாகக் கூடவில்லை. வழக்கம்போல் இருந்தவர்களுக்குக் கூடியது.

அதற்காக நாளைக்கே ஓட வைக்காதீங்க!

• முதலில் டாக்டரிடம் இதயம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.
• மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் நடக்கட்டும். கூட ஒருவர் இருங்கள்.
• கையை வீசி, எட்டி அடி வைக்கச் சொல்லுங்கள்.
• கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிட்டால் இழுக்காதீங்க. நின்று, "ஒண்ணு, ரெண்டு" எண்ணி அடி எடுக்கட்டும்.
• பயிற்சி செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மருங்காபுரி பக்கத்துக் கிராமங்களில் இருந்து பயிற்சிக்காக மணப்பாறைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி பஸ் ஏறுவது எளிதல்ல. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இலவச இயன்முறை சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104-க்கு போன் செய்யுங்கள்.