கோலாலம்பூர் வெள்ளீயத்தில் ஒளி செய்த அணு

மாணவர்களே, 1857-இல் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்கிற்கு ஈயம் தோண்டச் சென்றவர்களோடு தொடங்குகிறது கோலாலம்பூரின் வரலாறு. இன்றைய சன்வே லகூன் பூங்காவும் பழைய ஈயச் சுரங்கமே. பேச்சில் 'ஈயம்' என்கிறோம். அந்த உலோகத்தின் சரியான பெயர் வெள்ளீயம்.

வெள்ளீய அணுக்கருவில் 50 புரோட்டான்கள் உண்டு. நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறும். இதற்கு நிலையான ஐசோடோப்புகள் 10. வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை. அவற்றுள் வெள்ளீயம்-112 ஒரு புதிர்.

இரும்பைவிடக் கனமான அணுக்கருக்கள் பெரும்பாலும் விண்மீன்களில் நியூட்ரான்களை ஏற்று வளர்கின்றன. நியூட்ரான் மிகுந்தால், பீட்டாச் சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். ஆனால் நிறை எண் 112 வரிசையில் இம்மாற்றம் 48 புரோட்டான்கள் கொண்ட காட்மியம்-112-உடன் நின்றுவிடும், அது நிலையானது. அப்படியானால் வெள்ளீயம்-112 எப்படி வந்தது?

ஒளியால் வந்தது. ஒளிமின் விளைவில் ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியேற்றுவதைப் படித்திருப்பீர்கள். அதற்குச் சில எலக்ட்ரான்வோல்ட் போதும். அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானை வெளியேற்றவோ ஏறக்குறைய 1 கோடி எலக்ட்ரான்வோல்ட் தேவை. அது காமாக் கதிரின் ஆற்றல்.

பெரிய விண்மீன் வெடிக்கும்போது, அதிர்வலை பாயும் அடுக்குகளில் வெப்பநிலை 200 முதல் 300 கோடி கெல்வினை எட்டுகிறது. அங்கும் சராசரி ஃபோட்டானுக்கு இந்த ஆற்றல் இல்லை. ஆனால் ஃபோட்டான்கள் எண்ணிலடங்காதவை. அவற்றுள் மிகுந்த ஆற்றல் கொண்ட சிறு பகுதியே போதும். வெள்ளீயம்-116 ஒவ்வொன்றாக நான்கு நியூட்ரான்களை இழந்தால், வெள்ளீயம்-112 கிடைக்கும். சில விநாடிகளில் முடிந்துவிடும் இதற்குக் காமா செயல்முறை என்று பெயர்.

நம் நாடு விடுதலை பெற்ற அதே 1957-இல், மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹோயில் ஆகியோர் தனிமங்கள் விண்மீன்களில் பிறக்கும் விதத்தை விளக்கினர். இத்தகைய அரிய அணுக்கருக்களுக்குத் தனி வழி வேண்டும் என்பதையும் அதில் காட்டினர்.

ஆயினும் கணக்கு முழுதும் தீரவில்லை. மாலிப்டினம், ருத்தேனியம் ஆகியவற்றின் இவ்வகை ஐசோடோப்புகள், காமா செயல்முறைக் கணக்கீடுகள் தருவதைவிட அதிகமாக உள்ளன. காரணத்தை இன்றும் தேடுகிறார்கள்.

வெள்ளீயம் மிகுந்த பியூட்டர் கோப்பையைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள வெள்ளீய அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று வெள்ளீயம்-112. சூரியன் பிறப்பதற்கு முன்பே, வெடித்த விண்மீனின் ஒளி செதுக்கிய அணு அது.

பயிற்சி: வெள்ளீயம்-112, காட்மியம்-112 இரண்டிலும் எத்தனை நியூட்ரான்கள் உள்ளன?