விதை காப்பவருக்குக் கூலி

முன்னுரை

உயிர் வாழ உணவு வேண்டும்; உணவுக்கு விதை வேண்டும். இதை அறியாதார் இல்லை. ஆனால் அவ்விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர் யார், அதற்கு அவர் பெறும் கைம்மாறு என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

ஒரு தாத்தாவின் கணக்கு

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா காவிரிப் பாசனப் பகுதியில் உழவர். ஆண்டுதோறும் கால் ஏக்கரில் காட்டுயானம் என்னும் நெல்லைப் பயிரிட்டு வந்தார். உள்ளே யானை புகுந்தாலும் தெரியாத அளவு வளரும் என்று சொல்லப்படும் நெல் அது. வயலில் வெள்ளம் நின்றாலும் தாங்கும். சென்ற ஆண்டு அதை விட்டுவிட்டார். காரணம் கேட்டோம்.

"அது ஆறு மாதப் பயிர், அம்மா. புது நெல் நான்கு மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும், விளைச்சலும் கூடுதல். இதை வாங்கவும் ஆளில்லை. எத்தனை நாள்தான் கைநஷ்டப்படுவது?" என்றார்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. பழைய விதையைக் காப்பவருக்கோ நஷ்டமே மிஞ்சுகிறது!

பழைய விதையின் பயன்

புதிய ரகங்கள் பஞ்சத்தைப் போக்க உதவின. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும் ஒன்றையே நம்பியிருப்பது ஆபத்து. அயர்லாந்தின் ஏழை மக்கள் பெரும்பாலும் ஒரே வகை உருளைக்கிழங்கை உண்டு வாழ்ந்தனர். 1845இல் ஒரு நோய் அதைத் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர்.

நம் நாட்டிலேயே நல்ல சான்றும் உண்டு. ஒடிசா மாநிலத்தின் தாலபுட்டியா என்னும் பழைய நெல்வழியில் வந்த ஒரு ரகம், நீரில் மூழ்கினாலும் அழுகாமல் பிழைத்தது. அக்குணத்தை அறிவியலார் சுவர்ணா என்னும் நெல்லில் சேர்த்தனர். 2009இல் வெளிவந்த அப்புதிய நெல் இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் மீண்டும் துளிர்க்கிறது. பெயர் தெரியாத உழவர்கள் அன்று அவ்விதையைக் கைவிட்டிருந்தால் இன்று இது ஏது?

விதைகளைக் குளிர் அறையில் சேமிக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அதுவும் தேவையே. ஆனால் வயலில் வளரும் விதைதான் மாறிவரும் மழைக்கும் பூச்சிக்கும் ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது.

கூலி தரும் வழிகள்

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் வழியே, விதை காத்த உழவர் சமூகங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை விருது அளிக்கப்படுகிறது. இது போற்றத்தக்கது. ஆனால் விருது சிலருக்கே கிட்டும். நஷ்டமோ ஆண்டுதோறும் வரும்.

தென் அமெரிக்காவின் பெரு, பொலிவியா நாடுகளில், 2010ஆம் ஆண்டையொட்டி வேறொரு முறையைச் சோதித்தனர். மறைந்துவரும் கினோவா தானிய வகைகளைப் பயிரிட என்ன வேண்டும் என்று உழவர் குழுக்களையே கேட்டனர். குறைந்த செலவில் காக்க முன்வந்த குழுக்களைத் தேர்ந்து, பணத்திற்குப் பதில் கருவிகள், கட்டடப் பொருள்கள், பள்ளிக்கு வேண்டிய பொருள்கள் போன்றவற்றை அளித்தனர். எல்லா வயலிலும் பழைய பயிர் வேண்டியதில்லை. ஒவ்வொரு வகைக்கும் சில வயல்கள் போதும். ஆகவே செலவும் மிகுதியன்று.

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் வாழ்ந்த நெல் ஜெயராமன், 2018இல் மறையும் வரை நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் திரட்டிப் பரப்பினார். அவரது நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவர். விதை இவ்வாறு பெருகும்; ஆனால் உழவரின் நஷ்டத்தை யார் ஈடு செய்வது? பயன் பெறும் நாம் அனைவருமே அன்றோ!

முடிவுரை

தாத்தாவின் வீட்டுப் பானையில் இன்னும் சிறிது காட்டுயான விதை இருக்கிறது. வீட்டில் வைத்த நெல் விதை ஓரிரு ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழந்துவிடும். வரும் பட்டத்தில் அது மண்ணில் விழ வேண்டும். அவர் விளைவித்தால் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்வோம் என்று எங்கள் பெற்றோரில் சிலர் வாக்களித்திருக்கின்றனர். அரசு தரும் கூலி வரும்போது வரட்டும். முதல் கூலி எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து போகட்டும்!